பஞ்சகாலத்துக்குச் சேர்த்துவைக்கும் செடி

சிக்கனத்தைப் பற்றியும் சேமிப்பைப் பற்றியும் சங்க அங்கத்தினர்களுக்குச் சொல்லப்படும் புத்திமதிகள் பல. அவற்றுள் பெரும்பாலானவை மனிதருடைய நடத்தையை உதாரணமாகக் கொண்டவை. இப்பாடத்திலோ ஒரு சிறு செடியின் வாழ்க்கை எடுத்துக்கொள்ளப்படுகிறது. அது தென்னாப்பிரிக்கா தேசத்தின் வடமேற்கு மூலையில், கற்பாறைகளின் இடுக்குகளில் வளர்வது. சுமார் ஒரு சாண் உயரமே உள்ளது. தானியமோ பழமோ தருவதில்லை. ஆயினும், வருஷத்தில் பெரும்பகுதி மழையென்பதே காணாத பூமியில், யாருடைய தயவுமின்றிப் பல வருஷங்கள் உயிர்வாழும் உபாயம் அச்செடிக்குத் தெரியும். அந்த உபாயத்தையும், மனிதரால் இப்போது அத்தகைய செடிகளுக்கு நேர்ந்திருக்கும் ஆபத்தையும் தெரிந்துகொள்வது கூட்டுறவாளருக்குப் பிரயோஜனமாகும்.

1. செடியின் இனமும் பெயரும்

சூரியகாந்தி, சாமந்தி, வயல் வரப்புகளில் தானே முளைக்கும் கரிசலாங்கண்ணி, மூக்குத்திப்பூண்டு ஆகிய இவையெல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தாவர சாஸ்திரிகள் கூறுகிறார்கள். உலகத்திலுள்ள பூக்குந் தாவரக் குடும்பங்களுள் மிகப் பெரியவை இரண்டு மூன்று. அவற்றுள் இது ஒன்று. இக்குடும்பத்தில் ‘ஒத்தொன்னா’ என்று ஓர் இனம் உண்டு. ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரியான லின்னேயஸ் என்பவர் 1753-ம் வருஷத்திலேயே இவ்வினத்தைத் தமது நூலில் சேர்த்துவிட்டார். இதன் வகைகள் ஏறக்குறைய நூறு. அவற்றுள் பெரும்பாலானவை ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்கோடியில் மாத்திரமே காணப்படுகின்றன.

இந்த நூறு வகைகளும் ஒரே உருவம் உடையவை அல்ல. சில, புதர்போல் வளர்கின்றன. சில, பூமிக்குள் கிழங்கு வைத்து, மழைக்காலத்தில் மாத்திரம் மேலே தலைகாட்டுகின்றன. வேறு சில, பூமிக்கு மேலேயே தண்டைப் பருக்கவைத்து அதில் நீரைச் சேகரிக்கின்றன. இவ்வாறு பருத்த அடித்தண்டைத் தாவர சாஸ்திரிகள் ‘காடெக்ஸ்’ என்பார்கள். ‘ஒத்தொன்னா ஹெர்ரெய்’ என்ற செடி இந்தக் கடைசிப் பிரிவைச் சேர்ந்தது. ஸ்டெல்லன்பாஷ் சர்வகலாசாலையின் தாவரத் தோட்டத்தைப் பல வருஷங்கள் பராமரித்துவந்த ஹான்ஸ் ஹெர்ரே என்பவரின் ஞாபகார்த்தமாக அதற்கு இப்பெயர் இடப்பட்டது. இப்பாடத்தில் முக்கியமாகச் சொல்லப்படுவது அச்செடியே.

2. பூ ஒன்றன்று, ஒரு கூட்டம்

சூரியகாந்திப் பூவைப் பிய்த்துப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கியிருக்கும். பார்வைக்கு ஒரே பூவாகத் தோன்றுவது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் கூட்டமாகும். சுற்றிலும் இதழ்போல் நீண்டிருப்பது ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. நடுவே நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பவையும் தனித்தனிப் பூக்களே. சூரியகாந்தியில் சுற்றுப்பூக்கள் விதை வைப்பதில்லை. வண்டுகளையும் தேனீக்களையும் அழைப்பதோடு அவற்றின் வேலை முடிகிறது. விதை வைப்பவை நடுப்பூக்கள்.

ஒத்தொன்னா இனத்தில் இந்த வேலைப் பிரிவினை தலைகீழாக இருக்கிறது. அதன் வெளிவரிசைப் பூக்கள் பெண் பூக்கள். விதை வைப்பவை அவையே. நடுப்பூக்கள் மகரந்தம் கொடுக்கின்றன; அவை விதை வைப்பதில்லை. ஹெர்ரெய் செடியின் பூ மஞ்சள் நிறமானது. காய்ந்தபின் விதையின் தலையில் மெல்லிய மயிர்க்கற்றை விரிகிறது. காற்று அதைத் தூக்கிச் சென்று வேறொரு பாறை இடுக்கில் போடுகிறது. இச்செடிகளில் நல்ல விதை பிடிப்பதற்குப் பொதுவாக வேறொரு செடியின் மகரந்தம் வந்துசேர வேண்டும். ஆகையால் அக்கம்பக்கத்தில் தன் இனத்தைச் சேர்ந்த செடிகள் இருந்தாலொழியச் சந்ததி விருத்தியாவது கஷ்டம். இவ்விஷயத்தை அங்கத்தினர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சொல்லப்போகும் நஷ்டத்தின் அளவை அறிய இது உதவும்.

3. வாழும் இடம்

தென்னாப்பிரிக்காவுக்கும் நமீபியாவுக்கும் எல்லையாக ஆரஞ்சு நதி ஓடுகிறது. அது மேற்கே அட்லாண்டிக் சமுத்திரத்தில் கலப்பதற்கு முன், அதன் தென்கரையில் வளைந்து கிடக்கும் மலைப்பிரதேசத்துக்கு ரிக்டர்ஸ்வெல்ட் என்று பெயர். இதுவே ஹெர்ரெய் செடியின் சொந்த நாடு.

அங்கே பல இடங்களில் ஒரு வருஷத்தில் பெய்யும் மழை 4 அங்குலத்துக்கு உட்பட்டதே. தமிழ்நாட்டின் சராசரி மழை சுமார் 36 அங்குலம் என்பதை இதனோடு ஒப்பிட்டால் அந்நாட்டின் வறட்சி விளங்கும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே மே மாதம் முதல் ஆகஸ்டு மாதம் வரை குளிர்காலம். கிடைக்கும் சொற்ப மழையில் பெரும்பகுதி அக்குளிர்காலத்தில் பெய்துவிடும். கோடைகாலத்திலோ வானம் வறண்டு, பாறைகள் அனலாய்க் கொதிக்கும். ஆனால் கடலோரமாகக் குளிர்ந்த நீரோட்டம் ஒன்று வடக்கு நோக்கிச் செல்வதால், கடலிலிருந்து மூடுபனி எழுந்து மலைச்சரிவுகளில் படிகிறது. மழை தவறினாலும் இப்பனி செடிகளுக்கு ஓரளவு கைகொடுக்கிறது.

ரிக்டர்ஸ்வெல்ட் முதலிய இவ்வறண்ட பிரதேசங்கள் முழுவதையும் சேர்த்து ‘சக்குலண்ட் காரூ’ என்பார்கள். அதன் பரப்பு ஏறக்குறைய ஒரு லட்சம் சதுர கிலோமீட்டர். இவ்வளவு மழைக்குறைவான பூமியில் 6,000-க்கும் மேற்பட்ட தாவர வகைகள் வளர்கின்றன என்பதும், அவற்றுள் சுமார் நூற்றுக்கு நாற்பது வேறெங்கும் இல்லாதவை என்பதும் ஆச்சரியமான விஷயங்களாகும். நமது கற்றாழையையும் கள்ளியையும்போல் உடம்பில் நீரைச் சேர்த்துவைக்கும் செடிகள் உலகத்தில் எத்தனை வகை உண்டோ, அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கே இருக்கின்றன.

4. அடித்தண்டின் வேலை

ஹெர்ரெய் செடியின் அடித்தண்டு பருத்து, மேடும் பள்ளமுமாகக் கரடுமுரடாக இருக்கும். இந்த மேடுகள் நோயினால் ஏற்பட்டவை அல்ல. ஒவ்வோர் இலையின் அடிப்பாகமும் தண்டோடு சேர்ந்து தடித்து, இலை உதிர்ந்த பின்னும் அவ்விடத்திலேயே நின்றுவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு மேடும் முன்னொரு மழைக்காலத்தில் இருந்த ஓர் இலையின் அடையாளம். சங்கத்தின் பழைய பேரேட்டைப் புரட்டினால் சென்ற வருஷங்களின் வரவு தெரிவதுபோல், இச்செடியின் தண்டைப் பார்த்தால் அது கடந்துவந்த நல்ல காலங்கள் தெரியும்.

குளிர்காலத்தில் முதல் மழை பெய்ததும் செடியின் நுனியில் நீலம் கலந்த பச்சை இலைகள் தோன்றுகின்றன. சில மாதங்களே நிற்கும் இவ்விலைகள் சூரிய வெளிச்சத்தைக் கொண்டு உணவைத் தயாரிக்கின்றன. வேர்கள் பாறை இடுக்கில் இறங்கிய ஈரத்தை உறிஞ்சுகின்றன. செடி உயரமாக வளர்வதில் இந்த வருமானத்தை அதிகம் செலவிடுவதில்லை. பூக்கவும் விதைக்கவும் வேண்டியது போக, மிகுந்ததைத் தண்டினுள் இருக்கும் மெல்லிய சுவருள்ள அறைகளில் நீராகவும் உணவாகவும் சேர்த்துவிடுகிறது. தண்டின் மேலே தடித்த பட்டை போர்வைபோல் மூடியிருப்பதால் உள்ளே உள்ள ஈரம் எளிதில் வெளியேறுவதில்லை.

வெயில் காலம் வந்ததும் செடி தன் இலைகளையெல்லாம் உதிர்த்துவிடுகிறது. இது தோல்வியன்று, கணக்கறிந்த செய்கை. இலைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துவாரங்கள் உண்டு. செடியின் ஈரத்தில் பெரும்பகுதி அவற்றின் வழியாகவே ஆவியாகிப் போகும். வரவு நின்றுபோன காலத்தில் செலவு செய்யும் வாயிலையே அடைத்துவிட்டால், இருப்பு நெடுநாள் நிற்குமல்லவா? அவ்வாறே மொட்டைத் தண்டாக நின்று, உள்ளிருப்பைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்து, அடுத்த மழை வரையில் செடி காத்திருக்கிறது. வறட்சி நீடித்தால் தண்டு சற்றுச் சுருங்கும். மழை பெய்தால் மறுபடி பருக்கும்.

இதிலிருந்து தெரியவேண்டியது யாதெனில்: நல்ல காலம் சொற்பமாயிருந்தும் செடி பிழைப்பது வருமானத்தின் மிகுதியால் அன்று. முதலில் ஒதுக்கிவைப்பது, பிறகு செலவைச் சுருக்குவது என்ற இரண்டு பழக்கங்களாலேயே அது பிழைக்கிறது. ஆனால் அந்த இருப்பு ஒரு நாளில் சேர்ந்ததன்று. வருஷத்துக்கு ஒரு சிறு மழைக்காலமே வரவுக்காலமாதலால், கைப்பிடி அளவுள்ள ஒரு தண்டு உருவாவதற்குப் பல வருஷங்கள் செல்லும்.

5. முதலையே தோண்டும் வியாபாரம்

இத்தகைய செடிகளின் விசித்திர உருவமே அவற்றுக்கு விரோதியாகிவிட்டது. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், சீனா, கொரியா முதலிய தேசங்களில் சட்டியில் வைத்து அழகு பார்ப்பதற்காக இவற்றைச் சேகரிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். தண்டு எவ்வளவுக்கு எவ்வளவு முதிர்ந்து முறுக்கேறியிருக்கிறதோ, அவ்வளவுக்கு அதன் விலையும் ஏறும். நாற்றங்காலில் வளர்த்த செடிக்கு அம்முதிர்ச்சி வரக் காலம் செல்லுமாதலால், மலையிலுள்ள செடிகளையே பெயர்த்தெடுத்துக் களவாக அனுப்பும் வியாபாரம் தோன்றியது.

2019-ம் வருஷம் முதல் இக்களவு மிகவும் பெருகிற்று. 2020-ம் வருஷத்தில் கோவிட் நோயினால் தேசங்களின் எல்லைகள் மூடப்பட்டபோது, வெளிநாட்டு வாங்குவோர் தாங்களே வர முடியாமற்போயிற்று. அப்போது அவர்கள் இணையம் மூலமாக ஆட்களைப் பிடித்து, அவ்வட்டாரத்தில் வேலையிழந்து நின்ற ஜனங்களைக்கொண்டே செடிகளைத் தோண்டச் செய்தார்கள். 2019-ம் வருஷத்துக்கும் 2024-ம் வருஷ மத்திக்கும் இடையில் தென் ஆப்பிரிக்கப் பிரதேசத்தில் கடத்தலில் பிடிபட்ட செடிகள் மாத்திரம் பத்து லட்சத்துக்கும் மேல். அவை சுமார் 650 வகைகளைச் சேர்ந்தவை. பிடிபடாமல் போனவை இக்கணக்கில் சேரவில்லை. இவற்றுள் மிகுதியானவை கூழாங்கல்போல் இருக்கும் ‘கோனோஃபைட்டம்’ என்னும் வேறு குடும்பத்துச் சிறு செடிகளே. ஆயினும் தண்டு பருத்த செடிகளை நாடுவோரும் குறைவல்லர்.

இவ்வியாபாரத்தின் வரவு செலவைக் கவனித்தால் அதன் அநியாயம் புலப்படும். தோண்டிக்கொடுக்கும் ஏழைக்குக் கிடைப்பது கடைசி விலையில் அற்பமான பாகமே. பிடிபட்டால் சிறைவாசமும் அபராதமும் அவனுக்கே முதலில் வருகின்றன. லாபத்தின் பெரும்பங்கு தரகருக்கும் தூரதேசத்து வியாபாரிக்கும் போகிறது. வாங்கியவருக்கும் நிச்சயமான பலன் இல்லை. பாறையிலிருந்து பெயர்க்கும்போது வேர்கள் அறுபடுகின்றன. அறுபட்ட இடத்தில் அழுகல் பிடிக்கிறது. குளிர்காலத்தில் வளர்ந்து கோடையில் உறங்கும் செடி, பருவங்கள் மாறிவரும் வடதேசங்களுக்குச் சென்று, உறங்கவேண்டிய காலத்தில் நீர் பெற்றால் பல தடவை அழுகியே போகிறது.

பிடிபட்ட செடிகளைத் திரும்ப மலையிலே நட்டுவிடலாமே என்று கேட்கலாம். அதுவும் சுலபமல்ல. எந்தச் செடி எந்த மலையைச் சேர்ந்தது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. பல இடத்துச் செடிகள் ஒரே பெட்டியில் கலந்து கிடந்ததால் ஒன்றின் நோய் மற்றொன்றுக்குத் தொற்றியிருக்கவும் கூடும். ஆகையால் சர்க்கார் தாவரத் தோட்டங்களில் அவற்றை வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அங்கேயும் பல மடிந்துவிடுகின்றன. இதற்கிடையில் மலையில் தப்பி நின்ற ஒன்றிரண்டு செடிகள் அக்கம்பக்கத்தில் துணையில்லாமையால் நல்ல விதை வைக்க முடியாமல் நிற்கின்றன. தோண்டப்பட்டது பத்துச் செடிகளாயினும், நஷ்டம் பத்தோடு நிற்பதில்லை.

6. விதை வழியே நேர்வழி

இச்செடிகளை விரும்புவது குற்றமன்று. அவற்றை விற்றுப் பிழைப்பதும் குற்றமன்று. குற்றம் முதலைத் தொடுவதிலேயே இருக்கிறது. ஒரு செடி வருஷந்தோறும் கொடுக்கும் விதை வட்டியைப் போன்றது. பருத்த தண்டு அசலைப் போன்றது. அனுமதி பெற்று அளவோடு விதையைச் சேகரித்து நாற்றங்காலில் முளைக்கவைத்தால், மலையிலுள்ள செடி தன்னிடத்திலேயே நிற்கும். வாங்குவோருக்கும் நல்ல வேருள்ள செடி கிடைக்கும். தாய்ச்செடிகளைத் தோட்டத்திலேயே வைத்துக்கொண்டவர்கள், பிறகு மலைக்கே போகவேண்டிய அவசியமில்லை.

வளர்க்கும் முறையும் கடினமன்று. நீர் தேங்காத கல்லும் மணலுமான மண், குளிர்ந்த பருவத்தில் விதைப்பு, இலை நிற்கும் காலத்தில் மிதமான நீர், இலை உதிர்ந்தபின் ஏறக்குறைய நீரே இல்லாத ஓய்வு ஆகியவை போதும். வேண்டியது பொறுமை. தென்னாப்பிரிக்கச் சர்க்கார் 2022-ம் வருஷத்தில் இச்செடிகளின் களவு வியாபாரத்தைத் தடுப்பதற்கென்று ஒரு திட்டத்தை வகுத்தபோது, காவலையும் தண்டனையையும் மாத்திரம் நம்பவில்லை. அப்பிரதேசத்து ஜனங்களுக்கு நேர்மையான வேறு ஜீவனோபாயம் வேண்டும் என்பதையும் அத்திட்டம் ஒப்புக்கொண்டது. வயிறு காயும்போது உபதேசம் மாத்திரம் பயன்படாது என்பது கிராம வேலை செய்பவர் யாவருக்கும் தெரிந்ததே.

7. பொதுச் சொத்தின் சொந்தக்காரர்

ரிக்டர்ஸ்வெல்டில் நெடுங்காலமாக வசிப்பவர்கள் நாமா என்னும் ஜாதியார். ஆடுகளை மேய்த்துக்கொண்டு, பருவத்துக்குத் தக்கபடி மேய்ச்சல் நிலத்தை மாற்றிச் செல்வது அவர்கள் வழக்கம். சுமார் 1926-ம் வருஷத்தில் அந்நாட்டுக் கடற்கரையில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின் அவர்கள் அந்நிலத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். இந்த உரிமைக்காக அவர்கள் தொடுத்த வழக்கில், 2003-ம் வருஷத்தில் தென்னாப்பிரிக்காவின் அரசியல் நிர்ணய உச்சநீதிமன்றம், நிலத்தையும் அதிலுள்ள தாதுப்பொருள்களையும் திரும்பக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2007-ம் வருஷத்தில் சர்க்காருக்கும் அவர்களுக்கும் ராஜி ஏற்பட்டது. அதே வருஷத்தில், அவர்கள் சமூகமாகக் கூடி உரிமைகொண்டு நிர்வகிக்கும் மலைப்பிரதேசம் ஒன்று, சுமார் 1,60,000 ஹெக்டேர் பரப்புள்ளது, உலகப் பாரம்பரிய ஸ்தலமாக யுனெஸ்கோ ஸ்தாபனத்தால் அங்கீகரிக்கப்பட்டது. அங்கே வளரும் செடிகளும், அவற்றோடு இசைந்து வாழும் மேய்ப்பர்களின் பழக்கவழக்கங்களும் ஆகிய இரண்டுமே அப்பெருமைக்குக் காரணம்.

ஆகவே அம்மலையில் இரவோடிரவாக ஒருவன் ஒரு செடியைத் தோண்டினால், அவன் யாருக்கும் சொந்தமில்லாத பொருளை எடுத்ததாகாது. தலைமுறை தலைமுறையாக வாதாடி மீட்ட பொதுச் சொத்திலிருந்து, அடுத்த தலைமுறையின் பங்கை எடுத்ததாகும்.

8. சங்கத்துக்கு இதனால் அறியவேண்டியது

ஜெர்மனி தேசத்தில் கிராம நாணயச் சங்கங்களை ஸ்தாபித்த ரெய்பைஸன் என்பவர், சங்கத்தின் சேமநிதியை அங்கத்தினர் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளலாகாது என்பதை ஒரு முக்கியக் கொள்கையாக வைத்தார். இந்தியாவில் 1912-ம் வருஷத்தில் இயற்றப்பட்ட கூட்டுறவுச் சங்கச் சட்டமும், தர்ம காரியத்துக்குக் கொடுப்பதாயினும் நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கு சேமநிதிக்குப் போன பிறகே கொடுக்கலாம் என்று விதித்தது. நல்ல வருஷத்தில் இவ்விதி சில அங்கத்தினருக்குக் கடுமையாகத் தோன்றும். மழை தவறிக் கடன்கள் வசூலாகாத வருஷத்திலேதான் அதன் அருமை தெரியும்.

பாறை இடுக்கில் நிற்கும் அச்சிறு செடியைப் பார்ப்பவனுக்கு, இலையற்ற மொட்டைத் தண்டு வீணாகக் கிடக்கும் பொருளாகத் தோன்றலாம். சங்கத்தின் சேமநிதியும் சிலருக்கு அப்படியே தோன்றுகிறது. இரண்டும் வீணாகக் கிடக்கவில்லை. வரப்போகும் வறட்சிக்காகக் காத்திருக்கின்றன. பல வருஷங்கள் சேர்ந்ததை ஒரு நாளில் தோண்டியெடுத்துவிடலாம்; தோண்டியதை மீண்டும் சேர்ப்பதற்கு முன்போலவே பல வருஷங்கள் வேண்டும். அதற்குள் பஞ்சம் வராது என்று உறுதி சொல்லக்கூடியவர் யாரும் இல்லை.

அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க கேள்விகள்

1. ஹெர்ரெய் செடி கோடைகாலத்தில் இலைகளை உதிர்ப்பதால் அதற்கு உண்டாகும் லாபம் என்ன?

2. சூரியகாந்தியின் பூவிலும் ஒத்தொன்னாவின் பூவிலும் விதை வைக்கும் பூக்கள் எவை?

3. பத்துச் செடிகளைத் தோண்டினால் நஷ்டம் பத்தோடு நிற்பதில்லை என்று சொல்வது ஏன்?

4. தோண்டுகிறவன், தரகன், தூரதேசத்து வியாபாரி ஆகிய மூவருள் லாபம் யாருக்கு, ஆபத்து யாருக்கு? நமது ஊரில் விளைபொருளை விற்பதில் இத்தகைய ஏற்பாடு எங்கேனும் உண்டா?

5. நமது கிராமத்தின் பொதுச் சொத்துக்களான ஏரி, மேய்ச்சல் புறம்போக்கு, தோப்பு ஆகியவற்றில் அசல் எது, வட்டி எது? நாம் இப்போது எதை எடுத்து அனுபவித்துவருகிறோம்?